கரிமட்டத்து ஊர் வண்டி

மஞ்சூர் ஸ்டாண்டில் ஜீப் ஓட்டும் சுப்பண்ணனுக்கு அந்த வருஷம் வயிற்றெரிச்சல் ஒரு வெள்ளை மாருதி காரின் உருவத்தில் வந்தது. அதைக் கார் என்று யாராவது சொன்னால் அவனுக்குப் பொறுக்காது. "அதெல்லாம் ஒரு காருங்களா? சோப்பு டப்பாவுக்கு நாலு வீலு மாட்டுனாப்ல இருக்குது" என்பான். சொல்லிவிட்டு, கேட்டவர் சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்ப்பான். ஆறு மாதத்துக்கு முன்பு எல்லோரும் சிரித்தார்கள். இப்போதெல்லாம் யாரும் சிரிப்பதில்லை. அதுதான் அவனுடைய நோய்.

விஷயம் புரிய வேண்டுமென்றால் கரிமட்டத்துக்குப் போகிற பாதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மஞ்சூருக்குக் கீழே தார் ரோட்டிலிருந்து பிரிந்து, தேயிலைக்குள் நான்கு கிலோமீட்டர் ஏறுகிற மண் பாதை அது. பாதை என்று மரியாதைக்குச் சொல்கிறோம். மழைத் தண்ணீர் இறங்குவதற்காக உண்டானதில் மனிதர்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் உண்மை. மேலே சுப்பண்ணனுடையதையும் சேர்த்து நாற்பது வீடுகள், ஒரு மாரியம்மன் கோவில், ஒரு அங்கன்வாடி. பத்தொன்பது வருஷமாக அந்த நாற்பது வீட்டுக்கும் ஒரே வண்டி, சுப்பண்ணனின் ஜீப். அவனுடைய டயர் போட்டுப் போட்டுப் பாதையில் இரண்டு குழித்தடம் விழுந்து, நடுவில் எருமை முதுகு மாதிரி ஒரு மேடு எழும்பியிருந்தது. "இந்த ரோட்ட கவர்மெண்டா போட்டுச்சு? என்ற டயரு போட்டது" என்று சொல்வதில் அவனுக்கு ஒரு சுகம்.

கரிமட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கார்த்திகை மழையில் வருஷா வருஷம் பாதை கெட்டுப்போகும். மழை ஓய்ந்ததும் ஊரே மண்வெட்டியோடு இறங்கி மண்ணை அள்ளிப் போடும். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்களை ஏற்றிக்கொண்டு, வழியில் ஒருத்தரையும் இறக்கி நடக்கவிடாமல் கோவில் வாசல் வரை வந்து நிற்கிற வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு மஞ்சள் துணி கட்டுவார்கள். அடுத்த மழை வரைக்கும் அதுதான் ஊர் வண்டி. கல்யாணமோ, ஆஸ்பத்திரியோ, கேஸ் சிலிண்டரோ, முதல் போன் அந்த வண்டிக்குத்தான் போகும். அது வர முடியாது என்று சொன்னால்தான் வேறு வண்டி. போன வருஷத்து டிரைவர் தன் கையாலேயே அந்தத் துணியை அவிழ்த்துப் புது ஊர் வண்டிக்குக் கட்ட வேண்டும் என்பதும் வழக்கத்தில் சேர்ந்தது. சுப்பண்ணன் வருஷா வருஷம் தன் ஜீப்பின் ஒரு கண்ணாடியிலிருந்து அவிழ்த்து மறு கண்ணாடியில் கட்டிக்கொள்வான். ஊர் சிரிக்கும். அவனும் சிரிப்பான். பத்தொன்பது வருஷச் சிரிப்பு.

இதற்கிடையில் ஒரு ரகசியமும் இருந்தது. "நம்முளுது ஃபோர் வீலுங்க, நாலு சக்கரமும் இழுக்கும்" என்று அவன் ஸ்டாண்டில் மார்தட்டுகிற அந்த ஜீப்பில், முன்சக்கரங்களுக்குப் போகிற ஷாஃப்ட் ஐந்து வருஷமாகவே இல்லை. தேய்ந்து சத்தம் போட்டது என்று மெக்கானிக் கழற்றினான். பார்ட்ஸ் கிடைக்கவில்லை. கழற்றியது சாக்கில் சுற்றி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. கட்டிலுக்கு அடியில் கூட்டுகிற அவன் மனைவி வேலாமணிக்கு மட்டும் இது தெரியும். பாதை அவனுக்கு மனப்பாடம் என்பதால் பின்சக்கரம் இரண்டை வைத்தே ஓட்டிவிட்டான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அப்போதுதான் மெட்டில்டா வந்தாள்.

வந்தாள் என்றால் எங்கிருந்தோ வரவில்லை. கீழ் கோத்தகிரியிலிருந்து கரிமட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. புருஷன் பெனிஸுக்குத் தேயிலை ஃபாக்டரியில் ஷிஃப்ட் வேலை. இவள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள்தான். ஊட்டி மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்திருக்கிற நூர் முகமது பாய் தன் பழைய மாருதியைக் கொடுக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு, லைசென்ஸ் எடுத்த கையோடு போய் வாங்கி வந்துவிட்டாள். முதல் நாள் அவள் பாதையில் ஏறியதை சுப்பண்ணன் தார் ரோட்டு முனையில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பார்த்தான். முதல் வளைவிலேயே வயிறு தட்டி நிற்கும், ஆயில் சேம்பர் உடையும், தன்னைக் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டான். அரை மணி நேரம் காத்திருந்தான். யாரும் கூப்பிடவில்லை. மேலேயிருந்து மெல்லிசாக ஒரு ஹார்ன் சத்தம்தான் வந்தது.

எப்படி ஏறுகிறாள் என்று அவன் பிறகு கண்டுபிடித்தான். அவனுடைய குழித்தடத்தில் அவள் இறங்குவதே இல்லை. ஒரு பக்கத்துச் சக்கரத்தை நடுமேட்டில் வைப்பாள். இன்னொரு பக்கத்துச் சக்கரத்தை மலையோரம் ஓடுகிற கானின் கரைக்கல் மேல் வைப்பாள். கான் என்றால் மேட்டுத் தண்ணீரை வாங்கிக் கொண்டுபோகிற வாய்க்கால். குழித்தடம் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் சும்மா கிடக்கும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்திருந்தாள். வண்டியின் வயிற்றுக்கு, ஃபாக்டரியில் கழித்துப் போட்ட ரப்பர் பெல்ட்டை பெனிஸிடம் சொல்லி வெட்டிக் கட்டியிருந்தாள். பத்தொன்பது வருஷத்தில் சுப்பண்ணனுக்கு இப்படி ஒன்று தோன்றியதே இல்லை. தோன்ற வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஆனால் அவனுக்கு எரிந்தது அதற்காகத்தான்.

ஒரு நாள் மஞ்சூரில் அவள் காரை நிறுத்திவிட்டு மருந்துக்கடைக்குப் போன சமயம், கவாத்தில் வெட்டிப் போட்ட ஒரு தேயிலைக் குச்சியை எடுத்து இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை அளந்து பார்த்தான். நாலடி. ஜீப் நாலரை. அந்த அரையடி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனாலும் அளந்தான். நிலாவில் ஏதாவது குறை இருக்குமா என்று அண்ணாந்து பார்க்கிறவனைப் போல அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

போன் குறைந்தது. அங்கன்வாடி டீச்சர் அவளோடு போனார். ரேஷன் மூட்டை அவளோடு போனது. கோழித்தீவனம்கூட அவளோடு போனது. பொம்பளைகள் அவள் காரில் சிரித்துக்கொண்டு போவார்கள். அவன் ஜீப்பில் ஏறினால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கும்பிடுவார்கள். இதையெல்லாம் அவன் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாதது ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. ஸ்டாண்டில் ஜீப்புக்குள் உட்கார்ந்திருக்கிறான். எதிரே அந்த வெள்ளை டப்பா வந்து நிற்கிறது. பின்கதவு திறந்து இறங்குகிறவள் வேலாமணி.

பக்கத்து ஜீப்காரன் இருமினான். இருமலா சிரிப்பா என்று தெரியாத இருமல்.

"ஏம்புள்ள, நான் இங்க ஒருத்தன் ஒக்காந்திருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?" என்றான் வீட்டுக்கு வந்ததும்.

"நீங்க மஞ்சூர்ல இருக்கறீங்க, நான் மேல இருக்கறேன். அவ கெளம்பிட்டிருந்தா, ஏறிக்கிட்டேனுங்க."

"ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்திருக்க மாட்டனா?"

வேலாமணி வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்தவில்லை. "நெசத்தச் சொல்லட்டுங்களா? உங்க ஜீப்புல வந்தா இடுப்பு கழண்டு போகுதுங்க. அவ பூ மாதிரி கொண்டாந்து எறக்கறா."

பூ மாதிரி. அந்த இரண்டு வார்த்தை அவனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவனுடைய எதையும் அவள் பூ மாதிரி என்று சொன்னதில்லை. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெண்டாட்டியை எவனாவது பார்த்தால் வருகிற பொறாமை இருக்கிறதே, அது அவனுக்குத் தெரிந்த பொறாமை, அதற்கு மருந்தும் தெரியும். இது வேறு மாதிரி. ஒரு காரின் மேல், அதுவும் ஒரு பொம்பளையின் கைவேலை மேல் வருகிற பொறாமையை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த வருஷம் கார்த்திகை மழை மூன்று வாரம் அடித்தது. பாதை சரிந்து, இரண்டு வண்டியும் தார் ரோட்டு முனையிலேயே நின்றுவிட்டன. மழை விட்டதும் ஊர் மண்ணை அள்ளியது. கோவில் தலைவர் நல்லசாமி சுப்பண்ணனுக்குப் போன் செய்தார்.

"சுப்பண்ணா, ஞாயித்துக்கெழம ஏத்தம். ஊர்ல என்ன பேசிக்கறாங்கன்னா, இந்த வாட்டி ரெண்டு வண்டியும் ஏறட்டும்ங்கறாங்க. ஆளுக்கு நாலு பேர ஏத்திக்குங்க. எறக்காம வர்றது எதுவோ, அதுக்குத் துணி. ரெண்டும் வந்துச்சுன்னா ஒனக்குத்தான். பழைய மொற இருக்குதில்ல."

ரெண்டும் வந்தால் எனக்கு. அது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பொறாமைக்காரனுக்கு நியாயம் எங்கே போதும்? தனக்குக் கிடைக்க வேண்டும் என்பதைவிட அவள் நடுவழியில் நிற்க வேண்டும், நாலு பேர் இறங்கிச் சேற்றில் நடக்க வேண்டும், அதை வேலாமணி பார்க்க வேண்டும் என்பதே அவனுக்கு ஆசையாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், நாலு மணிக்கெல்லாம் மேகம் இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நேரத்தில், கடப்பாரையோடு நடந்து போனான். பாதையிலேயே மோசமான இடம் மூன்றாவது வளைவு. அந்த இடத்தில் கானின் கரையில் நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் வரிசையாகப் பட்டைக்கல் பதித்திருந்தார்கள். அதில் நாலு கல்லின் மேல்தான் மெட்டில்டாவின் சக்கரம் ஏறும். எந்த நாலு என்பது அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். ஜீப் சக்கரம் அந்தக் கல்லைத் தொடுவதே இல்லை என்பதும் தெரியும். நெம்பினான். ஒவ்வொன்றும் உரலின் கனம். தூக்கி மேட்டுப்பக்கம் தேயிலைச் செடிக்குள் உருட்டிவிட்டான். மூச்சு வாங்கியது. பார்த்தவர் யாருமில்லை. கடப்பாரையைத் துணியில் சுற்றிக்கொண்டு கீழே இறங்கி வந்து ஜீப்பின் சீட்டுக்கு அடியில் போட்டான்.

பொழுது சாய்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது கொட்டுவதைக் கேட்டுக்கொண்டு சந்தோஷமாகத் தூங்கினான். அவளுக்கு இன்னும் வழுக்கும் என்று நினைத்தான். அந்த மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று மட்டும் நினைக்கவில்லை. அந்த நாலு கல்லை அவன் எப்போதும் சக்கரத்துக்கான கல்லாகவே பார்த்தான். பதித்தவர்கள் அதைத் தண்ணீருக்காகப் பதித்தார்கள். டிரைவர் புத்தி அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தார் ரோட்டு முனையில் இரண்டு வண்டியும் நின்றன. மெட்டில்டாவின் காரில் நூறு நாள் வேலைக்குப் போகிற மருதாயி அக்காவும் இன்னும் மூன்று பெண்களும். ஜீப்பில் நல்லசாமியும் இரண்டு ஆம்பளைகளும், முன்சீட்டில் வேலாமணியும். அவளை வற்புறுத்தி ஏற்றியிருந்தான். பாதை நெடுகிலும் ஊர்ச்சனம் மேட்டில் ஏறி நின்றுகொண்டிருந்தது.

"யாரு மொதல்ல?" என்றார் நல்லசாமி.

"பொம்பளப் புள்ள, அதே மொதல்ல போகட்டுங்க" என்றான் சுப்பண்ணன் பெருந்தன்மையாக. "எங்காச்சும் நின்னு போச்சுன்னா நான் பின்னால வந்து கீழ இழுத்து ஓரங்கட்டிட்டுப் போயிக்கறேன்." புதுக் கயிறு ஒன்று வாங்கி வைத்திருந்தான். அதை எடுத்து எல்லோருக்கும் காட்டினான்.

"சரிங்ணா" என்று சொல்லிவிட்டு மெட்டில்டா கிளம்பினாள்.

மூன்றாவது வளைவு வரை இரண்டு வண்டியும் முன்னும் பின்னுமாகப் போயின. அங்கே அவள் நின்றாள். இறங்கி நடந்துபோய்ப் பார்த்தாள். சுப்பண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பு வெளியே வந்துவிடாமல் உதட்டை மடித்துக்கொண்டான். அவள் கல் இருந்த குழியைப் பார்த்தாள். குனிந்து தொட்டாள். நிமிர்ந்து மேட்டுத் தேயிலைக்குள் பார்த்தாள். பிறகு திரும்பி ஜீப்பைப் பார்த்தாள். ஒரு விநாடிதான். சுப்பண்ணன் ஹெட்லைட் ஸ்விட்சில் ஏதோ வேலை இருப்பது போல் குனிந்துகொண்டான்.

அவள் போய் வண்டியை எடுத்தாள். கல் இல்லாத மலைப்பக்கத்தை விட்டுவிட்டு, மறுபக்கம் பள்ளத்தோரத்துப் புல் மேல் ஒரு சக்கரத்தை வைத்து ஏறப் பார்த்தாள். முன்சக்கரம் பரபரவென்று சுற்றிப் புல்லைக் கிழித்தது. வண்டி நகரவில்லை. மேட்டில் நின்ற சனம் 'ஐயோ' என்றது. சுப்பண்ணனின் கை கயிற்றுக்குப் போனது.

"யாரும் எறங்காதீங்க, ஒக்காந்த எடத்துல அப்படியே இருங்க" என்று அவள் உள்ளே சொல்வது கேட்டது. வண்டி பின்னால் இறங்கி வந்தது. ஜீப்பை ஒதுக்கச் சொல்லிக் கை காட்டினாள். வளைவுக்குக் கீழே சற்று அகலமான இடத்தில் நாலைந்து தடவை முன்னும் பின்னும் போய்க் காரைத் திருப்பி நிறுத்தினாள். இப்போது காரின் முகம் இறக்கத்தைப் பார்க்க, முதுகு ஏற்றத்தைப் பார்த்தது.

"திரும்பிப் போகுதாட்டம் இருக்குது" என்றார் நல்லசாமி.

அவள் போகவில்லை. ரிவர்ஸ் கியரைப் போட்டுக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு, பின்பக்கமாகவே ஏற ஆரம்பித்தாள். அந்த வண்டியில் இழுக்கிறது முன்சக்கரம். நேராக ஏறினால் பாரமெல்லாம் பின்னால் சாய்ந்து முன்சக்கரம் லேசாகிவிடும். பின்பக்கமாக ஏறினால் அதே பாரம் இழுக்கிற சக்கரத்தின் மேலேயே உட்காரும். சுப்பண்ணனுக்கு இது ஒரே நொடியில் விளங்கியது. விளங்கியதுதான் கொடுமை. தெரியாதவனாக இருந்திருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்பித்திருப்பான்.

"அக்கா, புல்லு தெரியுதுங்களா?" என்று மெட்டில்டா கேட்க, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிய மருதாயி, "தெரியுது கண்ணு, வா வா, இன்னுங் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று சொல்லச் சொல்ல, சாண் சாணாக அந்த வெள்ளை டப்பா வளைவைக் கடந்தது. மேட்டில் கை தட்டினார்கள். சுப்பண்ணனின் ஜீப்புக்குள்ளேயே, பக்கத்து சீட்டில், இரண்டு கை தட்டிவிட்டு உடனே மடிக்குள் போய் ஒளிந்துகொண்டன. அவன் அந்தக் கைகளைப் பார்த்தான். வேலாமணி எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தது போதும், புடிச்சுக்குங்க!" என்று கத்திவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தான்.

கரைக்கல் போன இடத்தில் கான் உடைந்து, ராத்திரி முழுக்கத் தண்ணீர் அவனுடைய குழித்தடத்துக்குள்தான் இறங்கியிருந்தது. மேலே பார்க்க மண். உள்ளே களி. ஜீப் பாதி வளைவு போனது. பின்சக்கரம் இரண்டும் ஒரே முக்கலில் அச்சு வரை இறங்கின. மிதித்தான். இன்னும் இறங்கின. நடுமேட்டில் வண்டியின் வயிறு உட்கார்ந்துகொண்டது.

"நாலு வீலும் போடு சுப்பண்ணா!" என்றார் நல்லசாமி பின்னாலிருந்து.

மேட்டிலிருந்தும் கத்தினார்கள். "ஃபோர் வீலு போடுங்கண்ணா!" அவன் அந்தச் சின்ன லீவரை இழுத்தான். இழுத்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும், வேலாமணிக்கும் தெரியும். எஞ்சின் அலறியது. பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்தது. முன்சக்கரம் இரண்டும் கோவில் தூண் மாதிரி சும்மா நின்றன.

"முன்னால வீலு சுத்தவே இல்லீங்களே" என்று யாரோ ஒரு பெண் வெள்ளந்தியாகச் சொன்னாள்.

நல்லசாமி தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு, "எறங்கலாமப்பா" என்றார். இறங்கினார்கள். வேலாமணியும் முழங்கால் சேற்றில் இறங்கினாள். பத்தொன்பது வருஷம் அங்கே முடிந்தது.

மெட்டில்டா மேலே காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். வருகிற வழியில் மேட்டுத் தேயிலைக்குள் புகுந்து, ஒரு பட்டைக்கல்லை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுப்பண்ணன் சீட்டுக்கு அடியில் கிடந்த கடப்பாரையைக் குதிகாலால் உள்ளே தள்ளினான். ஊர் முழுக்க நிற்கிறது. சொல்லப்போகிறாள்.

"என்னம்மா அது, கானு கல்லுதானே? அது எப்படி மேல போச்சு?" என்றார் நல்லசாமி.

அவள் கல்லைச் சக்கரத்தடியில் வைத்தாள். கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். சுப்பண்ணனைப் பார்க்கவில்லை.

"கரடிங்க" என்றாள். "கரையான் தின்ன வந்து பொரட்டிப் போட்டிருக்குது. இன்னும் மூணு உள்ள கெடக்குதுங்க."

கரடி கல்லைப் புரட்டுவது அந்தப் பக்கத்தில் புதிதல்ல. ஊர் உடனே நம்பியது. "நாசமாப் போன கரடி" என்றாள் மருதாயி. "பாடுபட்டு வெச்ச கல்லு, அதுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்குதா?" "போன மாசம் எங்கூட்டுக் கதவ ஒடச்சதும் இதேதான்." "சோம்பேறிக் கரடிக்குக் கொழுப்பப் பாருங்க." ஆளாளுக்குத் திட்டினார்கள். சுப்பண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒவ்வொரு வசவையும் உட்கார்ந்து வாங்கிக்கொண்டான். எதிர்த்து ஒரு வார்த்தை பேச வழியில்லை. அவன் வாங்கிய புதுக் கயிற்றையே ஜீப்பில் கட்டி, இருபது பேர் இழுத்து, அவனை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

கோவில் வாசலில் நல்லசாமி எலுமிச்சம்பழத்தை மாருதியின் சக்கரத்தடியில் வைத்தார். "கட்டு சுப்பண்ணா" என்றார். அவன் ஜீப்பின் கண்ணாடியிலிருந்து மஞ்சள் துணியை அவிழ்த்தான். ஒரு வருஷ வெயிலிலும் மழையிலும் முடிச்சு இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்து எடுக்க வேண்டியிருந்தது. அவள் காருக்குள் ஜெபமாலை தொங்கியது. வெளியே கண்ணாடியில் துணியைச் சுற்றினான். முடிச்சு தளர்வாக விழுந்தது.

"இறுக்கிக் கட்டுங்ணா. குலுக்கல்ல அவுந்து போயிரும்" என்றாள் மெட்டில்டா. குரலில் குத்தல் இல்லை. இருக்கிறதா என்று தேடிப் பார்த்தான். இல்லவே இல்லை.

அவள் ஊரைக் கூட்டி, இவன்தான் செய்தான் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பான். பொய் என்று சத்தியம் பண்ணியிருப்பான். அவளை வெறுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பான். ஏறுவதில்தான் ஜெயித்தாள் என்றால், இதிலும் அவள்தான் மேலே நிற்கிறாள். இந்தக் குணம் தனக்கு ஏன் வரவில்லை என்று ஒரு பொறாமை, முந்தைய பொறாமையின் தோள் மேல் ஏறி உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்தான். கை கால் கழுவாமல் கட்டிலில் உட்கார்ந்தான். வேலாமணி ஜீப்பிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்து, சுற்றியிருந்த துணியைப் பிரித்து, காய்ந்த சேற்றைப் பார்த்தாள். சுவரில் சாய்த்து வைத்தாள். அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, கரடிக்குச் சோறு போடட்டுங்களா?"

அவள் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அது நான் பதிச்ச கல்லுங்க. சித்திரை மாசம் முழுக்க, நான், மருதாயி அக்கா, இன்னும் ரெண்டு பேரு. மெட்டில்டா காருக்கு வெக்கல. உங்க தடத்துக்குத் தண்ணி எறங்கிரப்படாதுன்னு வெச்சதுங்க." சோற்றில் கிடந்த ஒரு கறிவேப்பிலையை எடுத்து ஓரமாக வைத்தாள். "உங்களுக்குத்தானுங்க வெச்சோம்."

தட்டை அவன் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனாள். அவனுக்கு அவள் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் சுப்பண்ணன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மூன்றாவது வளைவுக்கு நடந்தான். கானை வெட்டித் தண்ணீரைத் திருப்பினான். நாலு கல்லையும் தூக்கி வந்து, குழியில் ஜல்லி போட்டு இறுக்கி ஒவ்வொன்றாகப் பதித்தான். எவ்வளவு தள்ளிப் பதிப்பது? குச்சி எதுவும் அவனுக்குத் தேவைப்படவில்லை. நடுமேட்டிலிருந்து நாலடி. ஆறு மாதம் கண்ணில் வைத்து எரிந்த அளவு, விரல் அகலம் பிசகவில்லை.

நாலாவது கல்லை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து அந்த மெல்லிய ஹார்ன் கேட்டது. மாருதி இறங்கி வந்து நின்றது. கண்ணாடியில் மஞ்சள் துணி. பின்சீட்டில் மருதாயியும் ஆஸ்பத்திரிக்குப் போகிற இரண்டு பேரும். மெட்டில்டா கல்லைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"அசையாதுங்களா அண்ணா?"

"அசையாது, வா."

அவள் வந்தாள். ஒரு சக்கரம் நடுமேட்டில், ஒரு சக்கரம் கல்லின் மேல். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. உள்ளே ஒருத்தர் தலைகூட ஆடவில்லை.

"அட, கல்லு திரும்ப வந்திருச்சே. எவ்வளவு கச்சிதமா ஒக்காந்திருக்குது! யாரு வெச்சாங்க கண்ணு?" என்று மருதாயி உள்ளே கேட்பது அவன் காதில் விழுந்தது. நேற்றைய கரடி ஞாபகத்தில் சுப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சுப்பண்ணன் அண்ணனுங்க" என்றாள் மெட்டில்டா, ஊருக்கே கேட்கிற மாதிரி.

கார் வளைவு திரும்பி மறைந்தது. பூ மாதிரிதான் போனது. அவன் வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு, வேறு எந்தக் கல்லாவது ஆடுகிறதா என்று பார்த்தபடி அடுத்த வளைவுக்கு நடந்தான்.